கையில் கத்தி, எதிரே போலீஸ்: கோலாலம்பூர், பினாங்கு தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் நீதிமன்றங்களில் 27 வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மலாயில் சொல்வதும், நீதிபதி சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வதும்தான் என் வேலை. வக்கீல் இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டில், கோயிலில், செந்தூல் டீக்கடையில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, காரில் கத்தி வைத்திருந்தால் பிடிப்பானா?" என்று கேட்காத மாதமே இல்லை. தங்கை குடும்பம் பினாங்கில் இருக்கிறது, அங்கே போனாலும் இதே கதைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கத்தி வைத்திருப்பதே குற்றமா?

இல்லை. வீட்டுச் சமையலறையில் பத்துக் கத்தி இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு பொது இடத்துக்கோ சாலைக்கோ வரும்போதுதான் கேள்வி எழுகிறது: இது ஏன் உங்களிடம், இங்கே, இந்த நேரத்தில் இருக்கிறது? அதற்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இருந்தால் குற்றமில்லை. இல்லையென்றால் அந்தக் கத்தியால் யாரையும் தொடக்கூட வேண்டாம், வைத்திருந்ததே போதும்.

எந்தச் சட்டம்? தண்டனை என்ன?

மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம். பெயர் நீளமாக இருப்பதால் நீதிமன்றத்தில் "அக்தா 357", அதாவது 357-ஆம் சட்டம், என்று சொல்லிவிடுவார்கள். பெயரிலேயே தெரிகிறது, ஆசிட் வைத்திருப்பவரையும் இதே சட்டம்தான் கவனிக்கிறது. கத்திக்கு வருவது அதன் 6(1) பிரிவு.

தண்டனையைக் கேட்டால்தான் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குறைந்தது 5 ஆண்டு சிறை, அதிகபட்சம் 10 ஆண்டு, அதோடு பிரம்படியும் சேரலாம். "ஏதோ ஆயிரம் ரிங்கிட் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று நினைத்து வந்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். "செக்குராங்-குராங்ஞா லீமா தாஹுன்" என்று வாசிப்பதை நான் தமிழில் "குறைந்தபட்சம் ஐந்து வருஷம்" என்று சொல்லும்போது அவர்கள் முகம் ரத்தமில்லாமல் வெளிறிப்போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு மலாய் புரிந்திருக்கும். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே அழத் தொடங்கியிருப்பார்.

மூன்று அங்குலத்துக்குக் குறைவான கத்தி என்றால் பரவாயில்லையாமே?

அது இங்கிலாந்துச் சட்டம். அங்கே மடக்குக் கத்தியின் அலகு மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு விலக்கு உண்டு. இணையத்தில் படித்துவிட்டு நம் ஊருக்கும் அதுதான் கணக்கு என்று நினைக்கிறார்கள். நம் 6-ஆம் பிரிவில் அளவுகோலே கிடையாது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் ஆயுதம்தான்.

அப்படியென்றால் ஸ்க்ரூடிரைவர், ஸ்டியரிங் பூட்டு, ஹாக்கி மட்டை எல்லாமேவா?

ஆமாம், சட்டத்தின் வாய் அவ்வளவு அகலம். ஸ்டியரிங் பூட்டு ஸ்டியரிங்கில் மாட்டியிருந்தால் பூட்டு. அதைக் கையில் தூக்கிக்கொண்டு இன்னொரு காரை நோக்கி நடந்தால் ஆயுதம். மட்டையும் அப்படியே, பக்கத்தில் பந்தும் ஷூவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"சட்டபூர்வமான காரணம்" என்று எதை ஒப்புக்கொள்வார்கள்?

இதற்கு ஒரு பட்டியல் கிடையாது. பட்டியல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் போட்டால் அதில் இல்லாத தொழில்காரன் மாட்டிக்கொள்வான்.

உதாரணமாக, கேட்டரிங் செய்யும் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸில் விருந்து முடித்து நள்ளிரவு வேனில் திரும்புகிறார். பின்னால் அண்டா, கரண்டி, வாழையிலைக் கட்டு. அவற்றோடு ஆட்டிறைச்சி வெட்டும் கத்தி நான்கு, துணியில் சுற்றி ஒரு டப்பாவுக்குள். ரோட்பிளாக்கில் நிறுத்தினால் போலீஸ்காரருக்கு வேனின் மணமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். அதே மனிதர் மறுநாள் குளித்து, சட்டை மாற்றி, அதே நான்கில் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கிளப் வாசலில் நின்றால், "நான் சமையல்காரர்" என்று சொல்லிப் பார்க்கட்டும். கத்தி அதேதான், ஆளும் அதே ஆள்தான். அது அங்கே இருக்க வேண்டிய தேவைதான் இல்லை.

பினாங்கின் பாலிக் பூலாவில் டுரியான் பருவத்தில் பாராங்கத்தி (நீண்ட வெட்டுக்கத்தி) இல்லாத லோரியைப் பார்ப்பது கஷ்டம். சௌரஸ்தா மார்க்கெட்டுக்குத் தேங்காய் இறக்குபவர், இளநீர்க்காரர், வயரிங் வேலைக்குப் போகிறவர், மீன் வெட்டுபவர், இவர்களுக்கெல்லாம் கத்தி கை மாதிரி. இவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கத்தியும் தொழிலின் மற்றச் சாமான்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும். டூல்பாக்ஸுக்குள் இருக்கும் கட்டர் டூல்பாக்ஸின் கதையைச் சொல்லும். சட்டைப் பையில் தனியாக இருக்கும் கட்டருக்கு நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போகாமல் நண்பர்களோடு குடிக்க உட்கார்ந்துவிட்டு, அப்புறம் சண்டையில் மாட்டி, மோட்டார் சைக்கிளில் வேலைக் கத்தி இருந்ததால் விவகாரம் பெரிதானதும் உண்டு. காலையில் காரணம் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு அது தேய்ந்துபோயிருந்தது.

பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லலாமா? இந்தக் காலத்தில் ஊர் அப்படித்தானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் வாயிலிருந்து கூண்டில் நான் அதிகம் கேட்ட பதில்கள் இரண்டு. ஒன்று "சும்மா வச்சிருந்தேன்." இன்னொன்று "ஒரு பாதுகாப்புக்கு."

"சும்மா" என்ற சொல்லை மொழிபெயர்த்துப் பாருங்கள். தமிழில் அது எத்தனையோ வேலை செய்யும். காரணமில்லாமல், கெட்ட எண்ணம் இல்லாமல், மறந்துபோய் அங்கேயே கிடந்தது, கேட்காதீர்கள் விடுங்கள், எல்லாமே சும்மாதான். மலாயில் "சாஜா-சாஜா" என்று சொன்னால் இத்தனையும் கழன்று விழுந்து "காரணம் எதுவும் இல்லை" என்பது மட்டும் மிஞ்சும். சட்டம் கேட்பதே காரணத்தைத்தான். காரணம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சில சமயம் நான் நீதிபதியிடம் அனுமதி கேட்டு, அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று விளக்கியிருக்கிறேன். அதற்குமேல் மொழிபெயர்ப்பாளனால் என்ன செய்ய முடியும்?

"பாதுகாப்புக்கு" என்பது அதைவிட மோசம். சொல்பவருக்கு அது நியாயமாகப் படுகிறது: நான் யாரையும் தாக்கப் போகவில்லை, என்னைத் தாக்கினால் மட்டுமே எடுப்பேன். ஆனால் கேட்பவர் காதில் விழுவது என்ன? தேவைப்பட்டால் ஒரு மனிதன் மேல் பயன்படுத்தத்தான் இந்தக் கத்தியை வைத்திருக்கிறேன் என்று அவரே சொல்கிறார். வெங்காயம் நறுக்கவா, கயிறு அறுக்கவா என்ற சந்தேகத்துக்குக்கூட இடமில்லாமல் செய்துவிட்டார்.

தண்டனைச் சட்டத்தில் தற்காப்பு உரிமை உண்டு, 96-ஆம் பிரிவில் தொடங்குகிறது. அது தாக்குதல் நடக்கும் அந்த நேரத்துக்கானது. என்றைக்கோ யாரோ வரலாம் என்று தினமும் சீட்டுக்கு அடியில் பாராங்கத்தி வைத்துக்கொள்ள அது தரும் அனுமதி என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையாகவே ஒருவர் மிரட்டுகிறார் என்றால் போலீஸில் ரிப்போர்ட் செய்யுங்கள். "ரிப்போர்ட் செய்து என்ன ஆகப் போகிறது" என்று அலுத்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும், அந்த அலுப்பில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் தாள் உங்களை ஐந்து வருடம் உள்ளே அனுப்பாது.

காரின் பின்பெட்டியில் வைத்தால் பொது இடம் இல்லைதானே? கார் என் சொந்தக் கார்.

கார் உங்களுடையது, சாலை பொது. சாலையில் போகும் காருக்குள் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதும் கணக்கில் வரும். பின்பெட்டியில் வைப்பதில் ஒரு நன்மை உண்டு. கைக்கு எட்டாத இடத்தில், மற்றச் சாமான்களோடு, உறைபோட்டு இருந்தால் உங்கள் காரணத்துக்கு அது துணை நிற்கும். டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே செருகியிருந்தால் அது துணை நிற்காது.

காரில் நான்கு பேர். கத்தி யாருடையது என்றே எனக்குத் தெரியாது. என்னையும் பிடிப்பார்களா?

பெரும்பாலும் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் விசாரிப்பார்கள். தெரியாமல் உடன் இருந்தவர் என்பது கடைசியில் உங்களுக்கு உதவலாம், அது விளங்குவதற்குள் லோக்கப்பில் சில இரவுகள் போயிருக்கும். நண்பன் காரில் ஏறும்போது காலடியில் என்ன இடிக்கிறது என்று பாருங்கள்.

கடையில் புதுக் கத்தி வாங்கிக்கொண்டு ரயிலில் வரலாமா?

தாராளமாக. மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லெபோ பாசாரிலோ வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு வீட்டுக்குக் கொண்டு போங்கள். சாணை பிடிக்கக் கொண்டு போவதும் அப்படியே, செய்தித்தாளில் சுற்றி, பைக்கு அடியில்.

பட்டனை அழுத்தினால் பாயும் ஸ்பிரிங் கத்தி?

அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கில் திறப்பதும், ஒரு உதறலில் தானாக விழுந்து நிற்பதும் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, இன்னொருவருக்குச் சும்மா கொடுப்பதுகூட 7-ஆம் பிரிவில் குற்றம். தண்டனையும் அதே 5 முதல் 10 ஆண்டுதான். இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்ட பொருள்களின் சுங்கத் துறைப் பட்டியலிலும் குத்துவாளும் ஸ்பிரிங் கத்தியும் இருக்கின்றன. "ஆன்லைனில் விற்கிறார்களே" என்பது பதில் ஆகாது. ஷோகேஸில் வைக்க அழகாக இருக்கிறது என்று வாங்கிய பையனுக்காக அவன் அப்பா அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன்.

மீன் பிடிக்கப் போகும்போது?

தூண்டில், இரை, ஐஸ்பெட்டி, கத்தி எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். தெலுக் பஹாங்கில் விடியற்காலை நான்கு மணிக்குக் கத்தியோடு நடப்பதை அந்தத் தூண்டில் விளக்கிவிடும்.

குலதெய்வத்துக்கு அரிவாள் நேர்ந்திருக்கிறோம். கோயிலுக்கு எப்படிக் கொண்டு போவது?

முனீஸ்வரர், மதுரை வீரன் கோயில்களில் அரிவாள் காணிக்கை நம் வழக்கம். தோட்டத்தில் இருந்த வரை கோயிலும் வீடும் ஒரே வரிசையில் இருந்தன, யாரும் கேட்கவில்லை. இப்போது அடுக்குமாடியிலிருந்து கோயிலுக்குப் போக மூன்று டோல் தாண்ட வேண்டியிருக்கிறது.

என் யோசனை இது. அரிவாளைக் கோயில் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள். காணிக்கை அரிவாளுக்குக் கூர் வேண்டியதில்லை, பட்டறையில் சொன்னால் மழுங்கலாகவே செய்து தருவார்கள். மஞ்சள் துணியில் சுற்றி, மாலை, தேங்காய், சூடத்தோடு ஒரே தட்டில் வைத்து, குடும்பத்தோடு போங்கள். நான்கு வாலிபர்கள் மட்டும் மோட்டாரில் ஏந்திக்கொண்டு போக வேண்டாம்.

தைப்பூசம் வேறு விஷயம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவிலும், பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியிலும் லட்சக்கணக்கில் கூட்டம். காவடி எடுப்பவர் அலகு குத்திக்கொள்வது ஒருபக்கம் இருக்கட்டும். அவரோடு ஆடிக்கொண்டு வரும் கூட்டத்தில் ஒருவர் நிஜ அரிவாளைச் சுழற்றினால் அருள் வந்ததா, சாராயம் வந்ததா என்று போலீஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எனக்கே பல நேரம் தெரியவில்லை. அரிவாள்மேல் நிற்கும் நேர்த்தி இருந்தால் கோயில் நிர்வாகத்திடமும் போலீஸிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். தேங்காய் உடைக்க அரிவாள் தேவையே இல்லை, பினாங்கில் சாலையில் வீசித்தானே உடைக்கிறார்கள்.

ரோட்பிளாக்கில் நிறுத்திவிட்டார்கள். கத்தி இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

என்ஜினை அணைத்து, கையை ஸ்டியரிங் மேல் வையுங்கள். உள்விளக்கைப் போடுங்கள். அவர் கேட்பதற்கு முன்பே "துவான், பின்னால் வேலைக் கத்தி இருக்கிறது" என்று வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்டாதீர்கள்! நல்ல எண்ணத்தில் கத்தியை எடுத்து நீட்டியவரைப் பார்த்து இளம் கான்ஸ்டபிள் இரண்டடி பின்வாங்கினால் அப்புறம் நடப்பது யார் கையிலும் இல்லை.

பொய் சொல்லாதீர்கள். தூண்டில் இல்லாமல் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்வது, கேட்கும்போதெல்லாம் மாற்றி மாற்றிக் கதை சொல்வது, இவை எல்லாம் பிறகு நீதிமன்றத்தில் வரிவரியாக வாசிக்கப்படும். மலாயில் திணறினால் தெரிந்த நான்கு சொற்களில் மெதுவாகச் சொல்லுங்கள்.

கைது செய்துவிட்டால்?

இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. ஏன் கைது என்று சொல்ல வேண்டும். உறவினர் ஒருவருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 5-ஆம் விதியே சொல்கிறது.

மாஜிஸ்திரேட் ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகக் காவலில் வைக்க அனுமதி, கொடுக்கலாம். இந்தக் குற்றத்துக்கு முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்த முறை 3 நாள். குடும்பத்தார் இந்த நாட்களில்தான் பதறிப்போய் யார் யாருக்கோ பணம் கொடுக்கிறார்கள். "உள்ளே ஆள் இருக்கிறது, பேசி முடித்துத் தருகிறேன்" என்று வருபவருக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். மலேசியக் குடிமக்களுக்கு ரிமாண்ட் நேரத்தில் இலவச வக்கீல் தர ஒய்பிஜிகே என்று எல்லோரும் அழைக்கும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உண்டு. ரிமாண்டுக்குக் கொண்டு வரும்போதே "வக்கீல் வேண்டும்" என்று மாஜிஸ்திரேட்டிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாக்குமூலம் வாங்கும்போது உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், 112-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தமிழில்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "மலாய் தெரியும்" என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று வாதாடியவர்கள் நிறைய.

ஜாமீன் கிடைக்குமா?

உரிமையாகக் கேட்க முடியாது. நீதிமன்றம் பார்த்துத் தந்தால் உண்டு. நிலையான முகவரி, வேலைக் கடிதம், ஜாமீன் நிற்க ஐசி என்ற அடையாள அட்டையோடு ஒரு நல்ல மனிதர், இவற்றைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

பிரம்படி எல்லோருக்குமா?

பெண்களுக்கு இல்லை. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் இந்தக் குற்றத்தில் இல்லை. சிறை இவர்களுக்கும் உண்டு.

மகன் பள்ளிப்பையில் கத்தி கிடக்கிறது. 15 வயது. என்ன செய்வது?

முதலில் அடிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரோ மிரட்டியிருப்பார்கள், அல்லது யாரோ "நீ வைத்திரு" என்று கொடுத்திருப்பார்கள். இரண்டாவது என்றால் விஷயம் பையனைவிடப் பெரியது. தலைமையாசிரியரைப் பார்க்க நீங்களே போங்கள்.

18 வயதுக்குள் இருப்பவரைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும், 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி. நன்னடத்தைப் பிணை, கண்காணிப்பு, ஹென்றி கர்னி என்ற சிறார் சீர்திருத்தப் பள்ளி என்று வழிகள் வேறு. பத்திரிகையில் பெயர் வராது. 18 முடிந்த மறுநாளே கணக்கு வேறு. பிறந்தநாள் கேக் வெட்டிய வாரத்திலேயே பிடிபட்ட ஒருவனுக்கு நான் மொழிபெயர்த்தேன், ஆறு நாள் வித்தியாசம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த சமையல்காரர் நான். என் கத்தியை நானே கொண்டு போய்க் கொண்டு வரலாமா?

முடிந்தவரை கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கத்தி காணாமல் போகும் என்று பயந்தால் முதலாளியிடம் பூட்டுள்ள டிராயர் கேளுங்கள். கொண்டு வந்தே ஆக வேண்டும் என்றால் கடைப் பெயர் போட்ட சட்டையும் வேலைப் பெர்மிட்டும் உடன் இருக்கட்டும். பிடிபட்டால் குடிமக்களுக்கான அந்த இலவச வக்கீல் உங்களுக்குக் கிடைக்காது. முதலாளிக்கும் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

விமானத்தில்?

கைப்பையில் வைக்காதீர்கள், செக்இன் பெட்டியில் உறைபோட்டு வையுங்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் மாமியாரின் பாக்குவெட்டியைப் பறிகொடுத்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அப்பா காலத்துப் பாராங்கத்தி வீட்டில் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

எதற்கு? வீட்டில் இருக்கட்டும். எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீடு மாற்றும்போது மட்டும் கவனம், தட்டுமுட்டுச் சாமான்களோடு பெட்டிக்குள் போட்டு, லோரியில் ஏற்றுங்கள், உங்கள் காலடியில் வேண்டாம். குப்பையில் போடுவதென்றால் அட்டையில் சுற்றி டேப் ஒட்டிப் போடுங்கள், குப்பை அள்ளுபவர் கை பாவம். எங்கள் வீட்டில் அப்பாவின் ரப்பர் பால்வெட்டுக் கத்தி இருக்கிறது. செந்தூலுக்குக் குடி வந்த நாளில் அம்மா அதை அரிசி டின்னுக்குள் வைத்துக் கொண்டு வந்தார். இன்னும் அந்த டின்னிலேயே கிடக்கிறது.